ஆட்டம் கார்டன்

அத்தியாயம் 17

போன வாரம் அம்மா அனுப்பிய ஃபோட்டோவைப் பார்த்துக் கார்குழலி தலையில் கை வைத்து உட்கார்ந்தாளே, அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கடிதம் போட்டுத் திட்டுவீர்கள்.

காரணம் ஒரே ஒரு வார்த்தை.

கார்குழலியின் அம்மா ரமாபாய், எண்ணூரில் ஒரு பைப் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகத் தோட்ட வேலை பார்க்கிறாள். கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள். அந்தக் காண்ட்ராக்டை எடுத்திருப்பவர் லோகநாதன். அவள் புருஷன் டில்லிபாபுவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் வேலைக்குச் சேர்த்துவிட்டு, கல்யாணமும் செய்துவைத்தவர் அவர்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவர் வீடு முதல் மாடி, இவர்கள் வீடு மூன்றாவது மாடி. அவர் ஒன்று சொன்னால் மூன்றாவது மாடியில் மறுபேச்சு கிடையாது.

ஆடி மாசத்தில் ஒருநாள். லோகநாதன் ஒரு கல்யாணத்துக்காகத் திருத்தணி போயிருந்தார். அன்றைக்குப் பார்த்து ஆபீசிலிருந்து மேனேஜர் தீபன் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்து, எதிரே நின்ற ரமாபாயிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அக்டோபரில் பெரிய மேடம் வருகிறார். மெயின் கேட் பக்கம் அறுபதடி நீளத்துக்குத் தோட்டம் வேண்டும். ஆட்டம் கார்டன். கலர் கலராக இருக்க வேண்டும். மேடத்துக்குப் பிடித்துவிட்டால் ரமாபாயின் பெயரைக் கம்பெனி ரோலில், நிரந்தர ஆளாக, ஏற்றத் தானே சிபாரிசு செய்வதாகவும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

ஆட்டம் என்றால் ரமாபாய்க்கு ஆட்டம்தான். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தானே? எண்ணூரில் மதியமானால் கடற்காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றில் ஆடுகிற தோட்டம் கேட்கிறார்கள் போலிருக்கிறது, ஆபீஸ்காரர்களுக்கும் இவ்வளவு ரசனை இருக்கிறதே என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

சும்மா ஆச்சரியப்பட்டதோடு நிற்கவில்லை. புழல் பக்கம் சௌக்கத் அலி பாயின் நர்சரிக்குப் போனாள். பூவைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி, கண்ணுக்கு நேரே வைத்து ஆட்டிப் பார்த்தாள். சிலதை வாயால் ஊதிப் பார்த்தாள்.

"செடி வாங்க வந்தியா, பேய் ஓட்ட வந்தியாம்மா?" என்றார் பாய்.

"ஆடுற செடியாப் பாத்துகினு கீறேன் பாய். வெறப்பா நிக்கிறது எனுக்கு வோணாம்."

ரோஜாவை ஒதுக்கினாள். விறைப்பு ஒரு பக்கம், எண்ணூர்க் காற்றில் வரும் கரித்தூள் படிந்தால் அதன் மூஞ்சி கலீஜாகிவிடும் என்பது இன்னொரு பக்கம். குரோட்டன்ஸை ஒதுக்கினாள். துலுக்க சாமந்தியைக் கையில் எடுத்துவிட்டு வைத்தாள். அது தலைக்கனம் பிடித்த செடி, ஒரு மழை அடித்தால் தலை கனத்து மண்ணில் படுத்துவிடும் என்பது அவள் கணக்கு. காஸ்மாஸ் விதை வாங்கினாள், ஆரஞ்சும் மஞ்சளும். தண்டு நூல் மாதிரி இருந்தாலும் வளையும், முறியாது. உயரமாக வளரும் வாடாமல்லி. இறகு மாதிரிப் பூக்கும் சிவப்புக் கோழிக்கொண்டை. பூனைவால் மாதிரி ஊதாக் கதிர் விடும் புல். முன்வரிசைக்கு மழை லில்லி. கம்பிவேலியில் ஏற்ற நீலச் சங்குப்பூ. நீலக் கோட்டுத் தலைவரின் மனைவி பெயரான ரமாபாய் என்று பெயர் வைத்திருப்பவள் நீலம் இல்லாமல் ஒரு தோட்டம் போடுவாளா? வியாசர்பாடியில் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், ஒன்று ஆடினால் இன்னொன்றின் மேல் இடிக்காத இடைவெளி. இரண்டரை மாசம் அவள் அந்த அறுபதடியே கதியென்று கிடந்தாள்.

இந்த நிலையில்தான் போன வாரம் கேட்டில் நிறுத்தப் புது போர்டு வந்தது. ரமாபாய் பெருமையாக அதை ஃபோட்டோ பிடித்து மகளுக்கு அனுப்பினாள். போர்டு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. நடுவில் இங்கிலீஷில் 'ஆட்டம் கார்டன்'. அந்த ஆட்டத்துக்குக் கடைசியில் ஒரு 'என்' உண்டு. எழுத்தில் வரும், வாயில் வராது. வாயில் வராத அந்த ஒரு எழுத்துதான் இத்தனைக்கும் காரணம்.

பாவம், அம்மாவிடம் சொல்ல கார்குழலிக்கு நாலு நாள் வாய் வரவில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னாள். மேடம் வருகிற அன்றைக்குக் காலையில்தான், ரமாபாய் தலைக்குக் குளித்துவிட்டு நல்ல புடவையாக எடுத்து வைத்தபோது, இதற்கு மேல் தாங்காது என்று கொட்டிவிட்டாள்.

"ம்மா, அது நீ நெனக்கிற ஆட்டம் இல்லம்மா. ஃபாரின்ல இலை உதிர்ற காலம். இலையெல்லாம் பழுத்து ஆரஞ்சா, செவப்பா ஆவுமாம். அந்தக் கலர்ல தோட்டம் கேட்டுக்கிறாங்க."

ரமாபாய் தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள்.

"நம்மூர்ல ஏதுடி அந்தக் காலம்?"

பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கும் கார்குழலி அதை விட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னாள். மேடம் கேட்டால் இதுதான் என் கான்செப்ட் என்று தைரியமாகச் சொல்லிவிடு, ஆபீஸ்காரர்கள் அந்த வார்த்தையைக் கேட்டால் அடங்கிவிடுவார்கள் என்றாள். பெண்ணுக்குச் சாமர்த்தியம் அதிகம், யாரிடமிருந்து வந்ததோ.

டில்லிபாபு டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவன் டீ கிளாஸை அப்படிப் பார்த்தால் ஏதோ ஒளிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கேட்டாள். மென்று விழுங்கிச் சொன்னான். நேற்றே அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டானாம். நானூறு தொட்டி ஆரஞ்சுத் துலுக்க சாமந்தி காலையில் குட்டியானை வண்டியில் வந்து இறங்குமாம். மேடம் பதினொன்றரைக்குத்தான் வருகிறார், அதற்குள் இருப்பதைப் பிடுங்கிவிட்டு இதைப் பதித்துவிடலாம். கூட மாட நிற்க இவனும் லீவு போட்டிருக்கிறான்.

"அப்போ அது யாரு தோட்டம்?" என்று மட்டும் ரமாபாய் கேட்டாள்.

"அண்ணன் நம்ம நல்லதுக்குத்தான் செய்யுது ரமா."

அவளுக்கு வயிறு எரிந்தது. காதில் தப்பாக விழுந்தது கூடப் பரவாயில்லை. தன் தோட்டத்தைப் பிடுங்கத் தன் வீட்டிலேயே முந்தின நாளே முடிவெடுத்துவிட்டு, தன் கையாலேயே டீயும் வாங்கிக் குடித்திருக்கிறான் இந்த மனுஷன். அவள் எடுத்து வைத்த நல்ல புடவையையே கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கேட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. குட்டியானை வந்து நின்றிருந்தது. பாதித் தொட்டிகளை இறக்கிவிட்டார்கள். இரண்டு ஆட்கள் மண்வெட்டியோடு தயாராக இருந்தார்கள். அண்ணன் பைக்கில் முன்னாலேயே வந்துவிட்ட டில்லிபாபுவின் இரண்டு கையிலும் இரண்டு சாமந்தித் தொட்டி.

ரமாபாய் நேராகப் போய்ப் பாத்தி ஓரத்தில், காஸ்மாஸுக்கு முன்னால் குந்தினாள். நல்ல புடவை மண்ணில் புரண்டது.

லோகநாதன் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் கிடையாது, அதுதான் அவரிடம் பேஜாரே. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். பத்தொன்பது வருஷமாக உன்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன், இன்றைக்கு ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விடும், உன்னோடு சேர்த்து என் காண்ட்ராக்டும் போய்விடும் என்றார். அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

"மேடம் கேட்டா இன்னா சொல்லுவ? என் காதுல தப்பா வுளுந்துட்ச்சின்னு சொல்லுவியா?"

"ஆமா மாமா. அப்டியே சொல்லுவேன்."

"ரமா..."

"இத்தப் புடுங்கணும்னா மொதல்ல என்னத் தூக்கி அந்தாண்ட குந்த வெச்சிட்டுப் புடுங்குங்க."

மண்வெட்டி ஆட்கள் லோகநாதனைப் பார்த்தார்கள். லோகநாதன் தம்பியைப் பார்த்தார். பொண்டாட்டியைத் தூக்க வேண்டியவன் அவன்தான் என்கிற மாதிரி. டில்லிபாபு தொட்டிகளைக் கீழே வைத்தான். வைத்தானே தவிர ஒரு அடி எடுத்து வைக்கவில்லை, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

இப்படியே இரண்டு மணி நேரம் போயிற்று. நடுவில் தீபன் வந்து போர்டைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சாமந்தியே பரவாயில்லை என்றார். தான்தான் வாயால் சொல்லிவிட்டுப் போனோம் என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. ரமாபாய் நகரவில்லை. அவரும் தூக்கத் தயாராக இல்லை.

பத்தரைக்குக் கேட்டில் வெள்ளைக் கார் நுழைந்தது. மேடம் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்.

நவ்ரீன் மேடம். ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடி, காட்டன் புடவை, கழுத்தில் கண்ணாடி. மும்பை ஆபீசில் இருந்துகொண்டு தெற்கே ஐந்து ஃபாக்டரிகளைப் பார்த்துக்கொள்பவர். இறங்கி, போர்டைப் படித்தார். தோட்டத்தைப் பார்த்தார். மறுபடியும் போர்டைப் படித்தார்.

நீங்களே சொல்லுங்கள், அந்த நேரத்தில் அந்தத் தோட்டம் எப்படி இருந்திருக்கும்? காற்று இல்லை. ஒரு இலை அசையவில்லை. ஆடுவதற்கென்று பொறுக்கிய செடிகள் ஆடாமல் நின்றால் வெறும் காடுதான். ஊதாப் புல்லும் நீலச் சங்குப்பூவும் வாடாமல்லியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் உயர உயரமாக நின்றன. ரமாபாய்க்கே ஒரு நொடி, சாமந்தியைப் பதித்திருக்கலாமோ என்று தோன்றிவிட்டது.

தீபன் மளமளவென்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். அதில் 'காண்ட்ராக்ட் லேபர்' என்ற இரண்டு வார்த்தை மட்டும் ரமாபாய்க்குப் புரிந்தது. அது போதுமே. புடவை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். கார்குழலி சொல்லிக்கொடுத்த கான்செப்ட் நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"மேடம், எங்கைல ஆட்டம் கார்டன்னு சொன்னாங்க. நான் ஆடுற தோட்டம்னு நெனச்சிக்கினேன். இலை உதிர்ற காலம்னு இன்னிக்குக் காலைல எம் பொண்ணு சொல்லித்தான் தெரியும். தப்பு எங் காதுது. செடி மேல தப்பு இல்ல. ஒரு முக்கா மணி நேரம் குந்துங்க, கடக்காத்து வரட்டும். அப்பால பாத்துட்டு இன்னா வோணா சொல்லுங்க."

ஒரு காண்ட்ராக்ட் தோட்டக்காரி பெரிய மேடத்தைக் காற்றுக்காகக் காத்திருக்கச் சொல்கிறாள். தீபனுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவசரமாக அதை இங்கிலீஷில் அழகுபடுத்தப் போனார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குப் புரியுது தீபன். நான் பொறந்து வளந்தது ராயபுரம்." பிறகு ரமாபாயிடம் திரும்பினார். "இன்னா டைமுக்கு வரும்?"

அந்த 'இன்னா'வைக் கேட்டு லோகநாதன் முதற்கொண்டு எல்லோரும் நிமிர்ந்தார்கள். சினிமாவில் நம் பாஷையை வைத்துச் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அந்த கேட்டில் அதைவிட மரியாதையான வார்த்தை வேறு இல்லை.

"பதினொன்னே காலு, இருவது," என்றாள் ரமாபாய்.

மேடம் புங்கமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்காரத் தைரியம் இல்லாமல் மற்றவர்கள் நின்றார்கள்.

ரமாபாய் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த கம்பெனியின் புகைபோக்கியைப் பார்த்தாள். காலையில் உயரத்தில் அடிக்கும் தரைக்காற்றில் புகை கடலைப் பார்த்துச் சாயும். கடற்காற்று வருவதற்கு முன்னால் நேராக நிற்கும். அப்புறம் ஊர்ப்பக்கம் திரும்பும். பத்தொன்பது வருஷமாக அதை வைத்துத்தான் அவள் மருந்து அடிப்பாள், குப்பை கொளுத்துவாள்.

பதினொன்று. புகை கடல் பக்கமே சாய்ந்திருந்தது. பதினொன்றே கால். அப்படியே. மேடம் ஒரு தடவை வாட்சைப் பார்த்தார். ரமாபாய் புகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் காற்று வராத நாளும் இரண்டு மூன்று இருந்திருக்கிறது, அது இன்றைக்கா வந்து தொலைக்க வேண்டும் என்று பயந்தாள். கம்பெனி ரோல் போகட்டும், இத்தனை பேர் முன்னால் பொய்க்காரியாகிவிடக் கூடாதே என்றுதான் அடித்துக்கொண்டது அவளுக்கு.

பதினொன்றே இருபது. இருபத்தைந்து.

புகை நிமிர்ந்தது.

"வந்துகினு கீது," என்றாள்.

முதலில் பின்வரிசைப் புல் அசைந்தது. ஊதாக் கதிர்கள் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தன. அப்புறம் காஸ்மாஸ். ஐநூறு அறுநூறு ஆரஞ்சுப் பூக்கள் தண்டே தெரியாமல் அந்தரத்தில் குதித்தன. கோழிக்கொண்டை தலையைத் தலையை ஆட்டியது. வாடாமல்லி பக்கவாட்டில் ஆடியது. வேலியில் சங்குப்பூ படபடத்தது. ஒன்றின் மேல் ஒன்று இடிக்கவில்லை, எதுவும் முறியவில்லை. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை அறுபதடியும் காற்று எப்படிப் போனதோ அப்படியே ஆடியது. இறக்கி வைத்த சாமந்தித் தொட்டிகள் மட்டும் விறைப்பாக நின்று வேடிக்கை பார்த்தன.

செக்யூரிட்டி ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். கேண்டீன் பெண்கள் கரண்டியோடு வந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். நவ்ரீன் மேடம் பெஞ்சிலிருந்து எழுந்து பாத்திக்குக் கிட்டே போய் நின்று வாய்விட்டுச் சிரித்தார். சந்தோஷம் தாங்காத சிரிப்பு அது.

சிரித்து முடித்துவிட்டு, இந்தச் செடியெல்லாம் பொறுக்கினது யார் என்று கேட்டார். தீபன் சட்டென்று முந்திக்கொண்டார். லோகநாதன் காண்ட்ராக்ட் மேடம், இதோ, இவர்தான் என்று கை காட்டினார். லோகநாதன் அதை மறுக்கவில்லை. கும்பிடக் கைகூட எழுந்துவிட்டது.

அப்போதுதான் டில்லிபாபு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் கையில் இன்னமும் சாமந்தி மண் ஒட்டியிருந்தது.

"இல்ல மேடம். இது என் வூட்டம்மா ரமாபாய் போட்ட தோட்டம். ஒவ்வொரு செடியா அவதான் பொறுக்குனா. எங்கண்ணனும் நானும் காலைல இத்தப் புடுங்கத்தான் வந்தோம். அவதான் குந்திகினு வுடல."

அண்ணன் எதிரில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ரமாபாய் அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து எரிந்த வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. கொஞ்சம்தான். டீ விஷயத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

மேடம் அதிகம் பேசவில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து ரமாபாய் கம்பெனி ரோலில், கார்டன் சூப்பர்வைசர் என்று தீபனிடம் சொன்னார். லோகநாதனின் காண்ட்ராக்ட் அப்படியே இருக்கட்டும், ஆனால் நாளையிலிருந்தே யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், எதை நட வேண்டும், எதைப் பிடுங்க வேண்டும் என்று சொல்வது ரமாபாய். போகிறபோது போர்டைத் தட்டிக் காட்டினார்.

"இதத் தமிழ்ல எழுதிடுங்க தீபன். ஆட்டம் கார்டன். தமிழ்ல எழுதுனா ஸ்பெல்லிங் தப்பாவே வராது."

கார்குழலிக்கு ஃபோன் போட்டு ரமாபாய் விஷயத்தைச் சொன்னபோது, கான்செப்ட் என்று சொன்னாயா இல்லையா என்றுதான் அவள் முதலில் கேட்டாள். இல்லடி, காது தப்புன்னு சொன்னேன் என்றாள் அம்மா. அந்தப் பக்கம் மகள் அழுகிறாள் என்று தெரிந்து இவளும் அழுதுவிட்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ரமாபாய் கேட்டைத் தாண்டி வந்தபோது வெளியே லோகநாதன் பைக்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டில்லிபாபு. மதியத்திலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

லோகநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, கிண்டலா, தோல்வியா, அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"நாளைக்கு நானு எத்தினி மணிக்கு வர்ணும் ரமா?"

பத்தொன்பது வருஷமாக அவர் சொல்ல, அவள் கேட்டுக்கொண்ட விஷயம் அது. அவருக்கு உத்தரவு போட மனசு வராமல், பெரியவர் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லத்தான் வாய் போனது. சொன்னால் நாளைக்கு அந்த அறுபதடி மறுபடியும் அவருடையதாகிவிடும் என்பதும் தெரிந்தது.

"ஆறு மணிக்கு வந்துடுங்க மாமா. வெயில் ஏர்றதுக்குள்ள தண்ணி வுட்டு முடிக்கணும்."

லோகநாதன் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டுத் தம்பிக்காகக் காத்திருந்தார்.

டில்லிபாபு பின் சீட்டைப் பார்த்தான்.

"நீ போண்ணா," என்றான். "நான் ரமாகூட பஸ்ல வர்றேன்."

அண்ணன் வண்டி கிளம்பி, தம்பி ஏறாமல் நின்றது அவர்கள் ஆயுசில் அதுதான் முதல் தடவை.